வேலூர், ஆம்பூர்ப் பகுதிக்கு ஏற்ற மணமுள்ள பழைய ரோஜாக்கள்

ரோஜா பயிரிட விரும்புகிறவர்கள் நாற்றுத் தோட்டத்துக்குச் சென்றதும் முதலில் விசாரிப்பது பூவின் நிறத்தை, அடுத்தபடி அதன் பருமனை, மூன்றாவதாகவே வாசனையை. தம் கிணற்றுத் தண்ணீரைப் பற்றி அங்கே பேச்செடுப்பவர் மிகச் சிலர். வேறு பிரதேசங்களில் இதனால் பெருந்தீங்கு விளைவதில்லை. ஆனால் வாணியம்பாடி, ஆம்பூர், பேர்ணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று பாலாற்றுப் படுகையில் தோல் பதனிடும் ஊர்கள் தொடர்ந்து நிற்கும் இப்பகுதியில் அவ்வரிசை தலைகீழாக மாறவேண்டும். முதலில் கிணறு, பிறகு மண், அதன்பின் ஜாதி. நிறமும் பருமனும் கடைசியில் பார்க்கத் தக்கவை.

வீட்டு முற்றத்தில் நாலு செடி வைப்பவருக்கு ஒன்றிரண்டு பட்டுப்போனால் நஷ்டம் பெரிதன்று. ஏக்கர் கணக்கில் வைப்பவர் நிலைமை வேறு. நெல்லோ கேழ்வரகோ ஒரு போகம் கெட்டால் மறு போகத்தில் பயிரை மாற்றிக்கொள்ளலாம். ரோஜாவோ பல வருஷம் ஒரே இடத்தில் நிற்பது. குழி, எரு, நாற்று, வேலி ஆகிய செலவெல்லாம் தொடக்கத்திலேயே நேர்கின்றன. நிறைந்த வருமானம் இரண்டாவது வருஷத்துக்குப் பின்னரே கிடைக்கும். தண்ணீர் ஒவ்வாததாயின் அதன் குணம் பெரும்பாலும் முதல் வருஷம் தெரிவதில்லை. இரண்டாவது கோடையில் இலையோரம் கருகும்போதுதான் தெரியவரும். அப்போது செலவு முழுவதும் மண்ணில் போயிருக்கும்.

பழைய ரோஜா எனப்படுவது

பிரான்சு தேசத்து லியோன் நகரில் கியோ என்னும் தோட்டக்காரர் 1867-ல் 'லா பிரான்ஸ்' என்ற ரோஜாவை வெளியிட்டார். அதுமுதல் கிளைத்த கலப்பு வர்க்கங்களைப் புதியன என்றும், அதற்கு முன்னரே இருந்த வர்க்கங்களைப் பழையன என்றும் ரோஜாப் பயிர் வல்லோர் பிரித்துக் கூறுவர். புதிய வர்க்கங்களில் பெரும்பாலானவை நீண்ட காம்பு, தடித்த இதழ், பெட்டியில் அடுக்கித் தூரதேசம் அனுப்பினாலும் வாடாத தன்மை ஆகியவற்றை நாடி உண்டாக்கப்பட்டவை. அம்முயற்சியில் பல ஜாதிகளிலிருந்து வாசனை நழுவிப்போயிற்று.

நம் ஜனங்களுக்குக் காம்பு வேண்டுவதில்லை. பூவைத் தொடுக்கிறார்கள், சுவாமிக்குச் சாத்துகிறார்கள், தர்காக்களில் சமர்ப்பிக்கிறார்கள், இதழைக் கற்கண்டோடு குல்கந்து ஆக்குகிறார்கள், பன்னீர் இறக்குகிறார்கள். இவை அனைத்துக்கும் வேண்டுவது மணமும் இதழ் நிறையும் மட்டுமே. ஆகையால் நீண்ட காம்புள்ள பூங்கொத்து ரோஜாக்களை ஓசூரில் விளைவிப்பதைக் கண்டு இங்கே அதையே செய்யப் புகுவது தக்கதன்று. ஓசூர் கடல்மட்டத்துக்கு ஏறக்குறைய 3,000 அடி உயரத்தில் உள்ளது. வேலூரோ 700 அடியளவே. அங்கே அப்பூக்கள் பெரும்பாலும் கூடாரத்துக்குள் வளர்கின்றன. இங்கே சித்திரை, வைகாசி மாதங்களில் வெயில் 40 பாகையைக் கடப்பது வழக்கமாதலின், திறந்த வெளியில் நிற்கத்தக்க ஜாதியே வேண்டும்.

எந்த வர்க்கம் உஷ்ணத்தைத் தாங்கும்

வாசனை ரோஜா என்றவுடன் அத்தர் நினைவுக்கு வருகிறது. கன்னோசியின் அத்தரும், ராஜஸ்தானத்துப் புஷ்கரத்தின் ரோஜாவும் பெயர்பெற்றவை. பல்கேரியா தேசத்துக் கசன்லுக் பள்ளத்தாக்கும் அவ்வாறே. அங்கெல்லாம் பயிராகும் முக்கிய ஜாதி டமாஸ்க் ரோஜா. ஒரு கிலோ தைலத்துக்கு மூவாயிரம் முதல் நாலாயிரம் கிலோ பூ வேண்டும். தைலத்தின் விலையைக் கேட்டவர்கள் அச்செடியை இங்கே கொண்டுவந்து வைக்க ஆசைப்படுவது இயல்பே. ஆனால் டமாஸ்க் குளிரை எதிர்பார்க்கும் செடி. மார்கழி, தை மாதங்களில் வடநாட்டில் வீசும் குளிரில் ஓய்ந்திருந்து, பங்குனியில் ஒருமுறை மொத்தமாகப் பூக்கும். வேலூர்ச் சமவெளியில் அத்தகைய குளிர் இல்லாமையால் தழையும் கிளையும் ஓங்கும். பூ மட்டும் சொற்பம். வடநாட்டுக் கணக்கை வைத்து இங்கே வருமானக் கணக்குப் போடலாகாது.

நம் ஊர்களில் பன்னீர் ரோஜா என்று வழங்குவது ஒரே செடியின் பெயரன்று. இளஞ்சிவப்பாய் மணமுள்ள பூ எதுவாயினும் அப்பெயரால் விற்கிறார்கள். டமாஸ்க் என்று சொல்லி விற்பதும் உண்டு. தமிழ்நாட்டுச் சமவெளியில் உதிரிப்பூவுக்காகப் பயிராகிவரும் இளஞ்சிவப்பு ரோஜாவில் முதன்மையானது எட்வர்டு ரோஜா. அதன் வரலாறு, அது ஏன் இங்கே வேர் பிடித்தது என்பதையும் விளக்கும்.

ஹிந்து மகாசமுத்திரத்தில் இப்போது ரீயூனியன் எனப்படும் தீவுக்கு முற்காலத்தில் பூர்போன் என்று பெயர். அங்குள்ள குடியானவர்கள் தங்கள் நிலத்துக்கு ரோஜாவால் வேலி போடுவார்கள். அவ்வேலிகளில் இரண்டு ஜாதிகள் கலந்து நின்றன: ஒன்று வருஷத்தில் இருமுறை பூக்கும் டமாஸ்க், மற்றொன்று ஓயாது பூக்கும் சீன ரோஜா. இவ்விரண்டும் தாமே கலந்து பிறந்ததாகக் கருதப்படும் ஒரு செடியைத் தாவர சாஸ்திரி பிரெயோன் 1817-ல் கண்டார். அதன் விதை பாரிஸுக்குச் சென்று, பூர்போன் வர்க்கம் என்னும் பெரிய குடும்பம் கிளைத்தது. தீவில் அச்செடியை எடுவார் என்று அழைத்தார்கள். நம் நாட்டில் அது எட்வர்டு ஆயிற்று. தாயின் மணமும் தந்தையின் ஓயாப் பூப்பும் ஒன்றுகூடிய செடி இது. உஷ்ணமான தீவின் வேலியிலே பிறந்தமையால் குளிரை எதிர்பார்ப்பதில்லை. வளமான செம்மண்ணில் குச்சியை நட்டாலே வேர்விடும். பூ நடுத்தரப் பருமன்; கொத்தாகப் பூக்கும்; மணம் மிகுதி; முள்ளும் மிகுதி. பறித்த பூ மறுநாள் வரை நிற்காது என்பது அதன் குறை. ஆதலால் காலையிலேயே சந்தைக்குச் சேர்க்கக்கூடிய தூரத்தில் உள்ளவர்களே இதைப் பெருவாரியாக வைக்கலாம்.

எட்வர்டோடு ஆந்திரச் சிவப்பு ரோஜாவையும் பட்டன் ரோஜாவையும் சேர்த்துப் பேசுவது வழக்கம். அவை விளைச்சலிலும் நிறத்திலும் நல்லவை, மாலைக்கு ஏற்றவை. மணத்தை எண்ணி வைப்பவர்களுக்கு அவை பதிலாகா.

சீன ரோஜாக்கள் உஷ்ணத்தைத் தாங்குவதில் தலைசிறந்தவை. அவற்றுள் சில கல்கத்தா வழியாக ஐரோப்பா சென்றமையால் பிரெஞ்சுக்காரர் அவ்வர்க்கத்தையே வங்காள ரோஜா என்று அழைத்தனர். இளஞ்சிவப்பான 'ஓல்ட் பிளஷ்' வருஷம் முழுவதும் பூக்கும், மணம் இலேசு. வரப்பு வேலிக்கும் வீட்டு வாசலுக்கும் இதைவிட உழைக்கும் செடி வேறில்லை; எடைபோட்டு விற்க உதவாது.

தேயிலை ரோஜா என்னும் வர்க்கமும் சீன தேசத்து உஷ்ணப் பகுதியிலிருந்து வந்ததே. புதிதாகத் திறந்த தேயிலைப் பெட்டியின் வாசனை அதன் இதழில் இருப்பதாகச் சொல்லி அப்பெயர் இட்டார்கள். 1839-ல் வெளிவந்த 'சஃப்ரானோ', 1857-ல் வெளிவந்த 'டச்சஸ் தெ பிரபான்' ஆகியவை இதில் பெயர்பெற்றவை. பின்னதற்கு மணம் மிகுதி. கழுத்து மெலிந்து பூ தலைகவிழ்ந்து நிற்கும். முதல் இரண்டு வருஷம் மெதுவாக வளரும். ஆழ்ந்த கவாத்தைப் பொறாது. நல்ல தண்ணீர் உள்ள பங்களாத் தோட்டங்களுக்கும் பள்ளிக்கூடத் தோட்டங்களுக்கும் ஏற்றது.

பூர்போன் வர்க்கத்தில் 1843-ல் வந்த 'சூவெனிர் தெ லா மால்மேசான்' வெளிறிய இளஞ்சிவப்பு நிறமும் நிறைந்த இதழும் உடையது. வறண்ட வெயிலில் நன்றாக விரியும். ஐப்பசி மழையில் மொட்டு விரியாமலே அழுகும். ஆகவே இப்பகுதியில் தை முதல் ஆனி வரைதான் அதன் பூவை எதிர்பார்க்கவேண்டும். 'குரூஸ் ஆன் டெப்லிட்ஸ்' 1897-ல் வந்தமையால் வருஷக் கணக்குப்படி பழையதன்று. குணத்தால் பழைய ரோஜாவே. கருஞ்சிவப்பு நிறம், காரம் கலந்த மணம், கடினமான உடல். வடநாட்டில் குல்கந்துக்கு இதைப் பயிரிடுகிறார்கள். எட்வர்டுக்கு அடுத்தபடி இப்பகுதி விவசாயி பரீட்சித்துப் பார்க்கத்தக்கது இதுவே.

உஷ்ண தேசத்துக்கென்றே ரோஜா உண்டாக்கும் முயற்சி நம் நாட்டிலேயே நடந்துவருகிறது. கொடைக்கானலில் எம். எஸ். வீரராகவனும் அவர் மனைவி கிரிஜாவும், வங்காளத்து ஆற்றோரங்களில் வளரும் காட்டு ரோஜாவையும் மணிப்பூர் மலைகளின் பெரிய காட்டு ரோஜாவையும் தாய்ச் செடிகளாகக் கொண்டு பல புதிய ஜாதிகளை உண்டாக்கியுள்ளனர். அவை இன்னும் நம் சந்தைப் பயிராகவில்லை.

தோல் ஊர்களின் தண்ணீர்

இனி முக்கியமான விஷயத்துக்கு வரலாம். பச்சைத் தோல் கெடாமலிருக்க உப்பிட்டு வைப்பார்கள். தோலின் எடையில் மூன்றிலொரு பங்குக்கும் மேலாக உப்புச் செலவாகும். தோல் ஷாப்பில் முதல் வேலை அவ்வுப்பைக் கழுவிப் போக்குவது. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு பதனிட்ட காலத்திலும் இவ்வுப்பு இருந்தது. 1970-க்குப் பின் குரோமியம் இட்டுப் பதனிடும் முறை பரவியபோது ஊறுகாரங்களும் சேர்ந்தன. நெடுங்காலம் இக்கழிவு நீர் ஓடையிலும் ஏரியிலும் பாலாற்று மணலிலும் விடப்பட்டது. பாலாறு வருஷத்தில் பெரும்பகுதி மேலே ஓடாத ஆறு; மணலுக்கடியில் ஊறுகின்ற ஆறு. மேலே விட்டது அடியில் சென்று கிணறுகளில் சேர்ந்தது.

இது குறித்து வேலூர்ப் பொதுநல அமைப்பு ஒன்று தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-ம் வருஷம் ஆகஸ்டு 28-ல் தீர்ப்பளித்தது. தோல் பதனிடும் பகுதியில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர், அதாவது 86,000 ஏக்கர் அளவு விவசாய நிலம், ஓரளவோ முழுவதுமோ சாகுபடிக்கு உதவாததாய்விட்டதென்று வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி நிலையம் கண்டதை அத்தீர்ப்பு எடுத்துக் கூறிற்று. கெடுத்தவரே ஈடு செய்யவேண்டுமென்ற கொள்கையும் அதில் நிலைநாட்டப்பட்டது. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை முதலிய இடங்களில் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் ஏற்பட்டு, கழிவு நீரைத் திரட்டி உப்பைப் பிரிக்கும் ஏற்பாடு நடைபெறுகிறது. எனினும் முன்னரே மண்ணுக்குள் சென்ற உப்பு உடனே நீங்குவதில்லை. 2025 ஜனவரியிலும் உச்ச நீதிமன்றம் இப்பகுதியின் நஷ்டஈட்டையும் நிலச் சீர்திருத்தத்தையும் பற்றி மீண்டும் உத்தரவிட நேர்ந்தது.

குரோமியத்தைப் பற்றிய பயம் ஜனங்களிடையே அதிகம், அது காரணமில்லாததன்று. ஆனால் ரோஜாவை முதலில் கொல்லுவது குரோமியமன்று, சாதாரண உப்பே. பதனிடுதலில் பயன்படும் குரோமியம் பெரும்பாலும் மண்ணோடு ஒட்டி நிற்கும். உப்போ தண்ணீர் போன இடமெல்லாம் போகும். பயிர்களுள் ரோஜா உப்பை மிகக் குறைவாகத் தாங்கும் கூட்டத்தைச் சேர்ந்தது. பருத்தியும் தென்னையும் தழைத்து நிற்கும் தண்ணீரில் ரோஜா கருகும். ஆகவே பக்கத்து நிலத்துத் தென்னையைப் பார்த்துக் கிணற்றை நம்பலாகாது.

தண்ணீரிலுள்ள உப்பின் அளவை மின்சாரம் கடத்தும் திறனால் அறிவர். அதன் அலகு டெசிசீமன்ஸ். ஒரு டெசிசீமன்ஸ் உள்ள தண்ணீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 640 மில்லிகிராம் உப்பு இருக்கும். கேட்பதற்கு இது அற்பமாகத் தோன்றும். கணக்கிட்டுப் பார்த்தால் வேறாகத் தெரியும். ஓர் ஏக்கருக்கு இரண்டங்குலம் பாய்ச்ச இரண்டு லட்சம் லிட்டருக்கு மேல் தண்ணீர் வேண்டும். அதனோடு வயலில் இறங்கும் உப்பு ஏறக்குறைய 130 கிலோ. கிணற்றின் அளவு மூன்று டெசிசீமன்ஸ் ஆயின் ஒரு பாய்ச்சலிலேயே ஏறக்குறைய 400 கிலோ. தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. கோடையில் பத்துப் பாய்ச்சல் பாய்ச்சியவர் தம் நிலத்தில் எத்தனை மூட்டை உப்புக் கொட்டினார் என்பதைத் தாமே கணித்துக்கொள்ளலாம்.

நடைமுறையில் கொள்ளத்தக்க அளவு இது. முக்கால் டெசிசீமன்ஸுக்கு உட்பட்ட கிணற்றில் மேற்கூறிய எல்லா வர்க்கங்களையும் வைக்கலாம். முக்கால் முதல் ஒன்றரை வரை எட்வர்டும் சீன ரோஜாவும் குரூஸ் ஆன் டெப்லிட்ஸும் தக்க வடிகாலோடு வைக்கலாம். தேயிலை ரோஜா வேண்டாம். ஒன்றரைக்கு மேல் இரண்டேகால் வரை மழைத் தண்ணீரைக் கலந்து பாய்ச்ச வசதியுள்ளவர்கள் எட்வர்டை மட்டும் சிறு அளவில் பரீட்சிக்கலாம். அதற்கு மேற்பட்ட கிணற்றை நம்பி ரோஜா வைப்பது கடனை நட்டு வளர்ப்பதே. அத்தகைய இடத்தில் உப்பை நன்கு பொறுக்கும் அரளியைப் பூவுக்காக வைப்பது மேல். அதன் எல்லாப் பாகமும் நஞ்சாகையால் ஆடுமாடு எட்டாதபடி வேலி வேண்டும். வாசனையே குறிக்கோளாயின் வெட்டிவேரைப் பரீட்சிக்கலாம்.

தண்ணீர்ப் பரீட்சையைப் பற்றி ஊர்களில் சில நம்பிக்கைகள் உண்டு. துவரம்பருப்பு வேகும் தண்ணீர் நல்ல தண்ணீர், சோப்பு நுரைக்கும் தண்ணீர் நல்ல தண்ணீர் என்பன அவை. இவை சுண்ணாம்புக் கடினத்தைக் காட்டுமேயன்றி உப்பைக் காட்டா. நாவில் கரிக்கும் முன்னரே ரோஜாவுக்குத் தீங்கான அளவு வந்துவிடும். பரீட்சைச் சாலைக்கு அனுப்புவதே வழி. மோட்டாரை அரைமணி நேரம் ஓடவிட்டு, சுத்தமான சீசாவை அதே தண்ணீரால் மூன்று தரம் அலசி, நிரப்பி, சர்வே எண்ணும் கிணறோ ஆழ்துளையோ என்பதும் எழுதி ஒட்டி, தாமதியாமல் சேர்ப்பிக்கவேண்டும். விரிஞ்சிபுரத்திலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்தில் பரீட்சை பற்றி ஆலோசனை பெறலாம். வருஷத்தில் இரண்டு தரம் பார்ப்பது உசிதம்: மழைக்குப் பின் தையில் ஒன்று, தண்ணீர் அடிமட்டத்திலிருக்கும் வைகாசியில் ஒன்று. தை மாதச் சீட்டை மட்டும் காட்டி நிலத்தை விற்பவர்களும் குத்தகைக்கு விடுபவர்களும் உண்டு. வாங்குபவர் வைகாசிச் சீட்டைக் கேட்கவேண்டும்.

இன்னும் ஆழமாகத் துளைத்தால் நல்ல தண்ணீர் வரும் என்ற எண்ணத்தில் கடன்பட்டவர் பலர். இப்பகுதியின் அடிப்பாறையில் தண்ணீர் வெடிப்புகள் வழியே ஓடுவதால் ஆழத்துக்கும் சுவைக்கும் நிச்சயமான சம்பந்தமில்லை. நூறு கஜ தூரத்தில் இரண்டு கிணறுகள் வெவ்வேறு குணம் காட்டுவதும் உண்டு. அதைவிடப் பண்ணைக் குட்டை வெட்டி மழைத் தண்ணீரைச் சேர்ப்பது நிச்சயமான பலன் தரும். இரண்டு தண்ணீரைச் சமபாகம் கலந்தால் அளவும் நடுவாகும்: 2.4 உள்ள கிணற்றுத் தண்ணீரோடு 0.4 உள்ள குட்டைத் தண்ணீரைக் கலக்கக் கிடைப்பது 1.4.

உப்பினால் வரும் கேட்டையும் வேறு நோயையும் பிரித்தறிதல் அவசியம். உப்பு முதலில் முதிர்ந்த இலைகளைப் பிடிக்கும். நுனியும் ஓரமும் பழுப்பாய்க் கருகி, இலை உதிரும். இளம் இலை வெளுத்து நரம்பு மட்டும் பச்சையாய் நின்றால் அது இரும்புச் சத்துக் குறைவு. சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் இது நேரும். இலையின் அடியில் நுண்ணிய வலை தென்பட்டு மேற்புறம் சாம்பல் பூத்தாற்போல் மங்கினால் சிவப்புச் சிலந்தி. இவற்றை ஒன்றென எண்ணி மருந்தடித்துப் பணத்தை வீணாக்குவது சாதாரணமாய்க் காணப்படுகிறது.

நடுதலும் பேணுதலும்

எட்வர்டை ஒட்டுக் கட்டவேண்டுவதில்லை. முதிர்ந்த கிளையிலிருந்து பென்சில் பருமனும் எட்டொன்பது அங்குல நீளமும் உள்ள குச்சிகளை வெட்டி நாற்றங்காலில் நட்டு வேர்விட்டபின் எடுத்து வைக்கலாம். வேறு ஜாதிகளை ஒட்டாக வாங்கும்போது வேர்ச்செடி எது என்று விசாரித்தல் அவசியம். மல்டிபுளோரா என்னும் வேர்ச்செடி புளிப்பு மண்ணுக்கும் மழை மிகுந்த நாட்டுக்கும் ஏற்றது. களர்த்தன்மையுள்ள நம் மண்ணுக்கு ஆகாது. ஓடோராட்டா என்னும் வேர்ச்செடியும் எட்வர்டும் இவ்விடத்துக்குத் தகும்.

ஒன்றரை அடி சதுரமும் ஆழமும் உள்ள குழிகளை ஆறரை அடி வரிசையில் மூன்றேகால் அடிக்கு ஒன்றாக எடுத்தால் ஏக்கருக்கு ஏறக்குறைய 2,000 செடி பிடிக்கும். குழிக்குப் பத்துக் கிலோ மக்கிய தொழு எரு இட்டு, மேல்மண்ணோடு கலந்து மூடி, ஆடி, ஆவணி மழையில் நடலாம். பார் கட்டிப் பாய்ச்சுபவர்கள் பாரின் உச்சியில் செடியை வைக்கலாகாது. தண்ணீர் ஏறிக் காயும்போது உப்பு உச்சியிலேயே பூக்கும். பக்கச் சரிவே செடிக்கு இடம். சொட்டு நீர் அமைத்தவர்களுக்கும் ஒரு விஷயம் தெரிந்திருக்கவேண்டும். ஈரவட்டத்தின் ஓரத்தில் உப்பு ஒதுங்கி நிற்கும். கோடை கழிந்து முதல் தூறல் விழும்போது அவ்வுப்பு கரைந்து உள்நோக்கி வேருக்கு வரும். மழை வந்துவிட்டதென்று அன்று சொட்டு நீரை நிறுத்தினால் செடி வாடும். நல்ல மழை பெய்து உப்பு கீழே இறங்கும்வரை அதை ஓடவிடவேண்டும். உப்புத் தண்ணீரை இலைமேல் தெளிப்பது எக்காலத்தும் தீது.

ஒவ்வொரு பாய்ச்சலிலும் செடிக்கு வேண்டியதைவிட எட்டில் ஒரு பங்கு முதல் நாலில் ஒரு பங்கு வரை, தண்ணீரின் உப்புக்குத் தக்கபடி, கூடுதலாக விட்டால் வேர்ப்பகுதியின் உப்பு கீழே கழுவப்படும். அதற்கு வடிகால் இருந்தாகவேண்டும். வடிகாலில்லாத பள்ளத்தில் கூடுதல் தண்ணீர் கேட்டையே வளர்க்கும். பரீட்சைச் சீட்டில் சோடியம் மிகுதியென்று கண்டு மண் இறுகிப்போனால் ஜிப்சம் இடலாம். வெறும் உப்பு மிகுதிக்கு ஜிப்சம் மருந்தன்று; அதைப் போக்குவது நல்ல தண்ணீரும் வடிகாலுமே. நடுவதற்கு முந்தின போகத்தில் தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுதால் மண் இளகும்.

சாம்பல் சத்துக்காகக் கடையில் சாதாரணமாய்க் கிடைக்கும் மியூரியேட் உப்பில் பாதியளவு குளோரைடே. ஏற்கெனவே குளோரைடு மிகுந்த இந்நிலங்களில் அதை நீக்கி, விலை அதிகமாயினும் சல்பேட் ஆப் பொட்டாஷ் இடுவதே தக்கது. வேப்பம் பிண்ணாக்கும் தொழு எருவும் தாராளமாக இடலாம். தோல் ஷாப்புகளின் மயிர், சவ்வுக் கழிவு, தொட்டி வண்டல் ஆகியவற்றை உரமென்று இலவசமாகத் தந்தாலும் ஏற்கலாகாது.

கவாத்து அக்டோபர் முதல் டிசம்பருக்குள் செய்யவேண்டும். முந்தின பருவத்துக் கிளைகளைப் பாதியளவு வெட்டி, நோயுற்றதையும் காய்ந்ததையும் அடியோடு நீக்கி, வெட்டுவாயில் போர்டோ பசை தடவினால் நுனியிலிருந்து காயும் நோய் அணுகாது. வெட்டிய ஆறு வாரத்துக்குமேல் பூ வரத் தொடங்கும். ஆகையால் தை மாத முகூர்த்தங்களை எண்ணுபவர்கள் நவம்பர் கடைசியில் வெட்டுவது பொருந்தும். நிலத்தை இரண்டாகப் பிரித்துப் பதினைந்து நாள் முன்பின்னாக வெட்டினால் பூ ஒரேயடியாகக் குவிந்து விலை சரிவது குறையும். வெயிற்காலத்தில் கரும்புத் தோகையோ நிலக்கடலைத் தோலோ மூடாக்காக இட்டு, மேற்கு வரப்பில் அகத்தியோ முருங்கையோ வைத்தால் பிற்பகல் வெயில் தணியும்.

மணம் என்பது காற்றில் ஆவியாகும் தைலமாதலின் வெயில் ஏறுமுன் பறிக்கவேண்டும். எட்டு மணிக்கு மேல் பறித்த பூவில் மணம் குன்றியிருக்கும். குல்கந்துக்கும் பன்னீருக்கும் விற்பவர்கள் பறிப்புக் காலத்தில் பூச்சிமருந்தை விலக்கவேண்டும். வாயில் போகும் பண்டமாதலால், கழிவு நீர் பட்ட நிலத்துப் பூவை இதற்கு விற்பது நியாயமன்று. வாங்குபவர் கிணற்றுச் சீட்டைக் கேட்டால் அதைக் குறையாகக் கொள்ளலாகாது.

கிராம அதிகாரிகள் கவனத்துக்கு

1980 வரை கர்ணமும் மணியக்காரரும் பார்த்துவந்த வேலையை இப்போது கிராம நிர்வாக அலுவலர் பார்க்கிறார். அடங்கலில் பயிர் எழுதுவதோடு, ஊரிலுள்ள பாசனக் கிணறுகளின் சர்வே எண், தை மாத அளவு, வைகாசி மாத அளவு ஆகியவற்றை ஒரு தனி நோட்டில் எழுதிவருவது பெரிய உதவியாகும். தோட்டப் பயிருக்குக் கடனும் மானியமும் சிபாரிசு செய்யும்போது அந்நோட்டைப் பார்த்தால், ரோஜா தாங்கும் நிலத்துக்கு ரோஜாவும், தாங்காத நிலத்துக்கு வேறு பயிரும் சிபாரிசு செய்யலாம். நஷ்டஈட்டு விசாரணை வரும் காலத்தில், வருஷவாரியாக எழுதிய அளவு குடியானவர் வாய்ச்சொல்லைவிட அதிக மதிப்புப் பெறும். ஒரு பேனா வடிவிலுள்ள அளவுகருவியை ஊராட்சி ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளலாம். அதனால் மின்கடத்து அளவு மட்டுமே தெரியும், சோடியம் முதலியவற்றுக்குப் பரீட்சைச் சாலையே வேண்டும்.

வரும் ஆடியில் நட உத்தேசிப்பவர்கள் வைகாசி முதல் வாரத்திலேயே தண்ணீரும் மண்ணும் அனுப்பிவிட வேண்டும். மண்ணை மேலடி, இரண்டாமடி என்று தனித்தனிப் பையில் எடுக்கவேண்டும். சீட்டு கைக்கு வரும்வரை நாற்றுக்கு முன்பணம் கொடுக்கவேண்டாம்.